ஒரே கொட்டத்தில் கோழியும் மாடும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற உழவர் - தாய்மார் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் ஏறுகிறவர்கள் பக்தியைப் பற்றியும் பங்கின் வரலாற்றைப் பற்றியும் பேசுவது வழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ கோழியும் மாடும்! ஆலய விழாவில் தொழுவத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் ஆண்டவர் பிறந்ததே தொழுவத்தில்தான். அவரைக் கிடத்தியது மாடு தின்னும் தீவனத் தொட்டியில்தான். எருசலேம் நகரை நினைத்து மனம் நொந்தபோது அவர் தம் அன்புக்கு உவமையாகச் சொன்னதும், குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் தாய்க்கோழியைத்தான். ஆகவே இந்தத் தலைப்பு ஆலயத்துக்கு அந்நியமானது அல்ல.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நம் கிராமங்களில் ஒரு சராசரி வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, நாலைந்து வெள்ளாடு, பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி. பகலெல்லாம் கோழி குப்பையைக் கிளறும். இருட்டியதும் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவோம். பெரிய கோழிகள் தாமாகவே பறந்து மாட்டுக் கொட்டத்து விட்டத்தில் அடையும். அதற்கு நேர் கீழே காடி; பக்கத்தில் குளுதாடி. விடிந்து பார்த்தால் காடியிலும் எச்சம், குளுதாடியிலும் எச்சம். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது. அந்த மாட்டின் பாலைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தானே இருக்கிறது, ஐயா?” என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கோழியும் மாடும் ஒரே வாசலில் வளர்வதில் நன்மையும் உண்டு. மாட்டின் மேலிருந்து விழும் உண்ணியைக் கோழி பொறுக்கித் தின்கிறது. சாணத்தில் நெளியும் புழுவைக் கிளறி எடுப்பதால் ஈ குறைகிறது. சிந்திய தானியம் வீணாவதில்லை. கோழி வருமானம் பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்களின் கைக்காசு; நோட்டுப் புத்தகமும் மருந்துச் செலவும் அந்தக் காசில்தான் நடக்கின்றன. ஆகையால் கோழியை விற்றுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சேர்த்து வளர்ப்பது வேறு, கலந்து அடைப்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலாவது, எச்சத்தால் வரும் கேடு. கோழியின் குடலில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். கோழி நன்றாக மேய்ந்துகொண்டு, முட்டையும் இட்டுக்கொண்டிருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதன் எச்சம் தீவனத்திலும் தண்ணீரிலும் விழுந்தால் முதலில் அடிபடுவது இளங்கன்றுதான். காய்ச்சலும் கழிச்சலும் கண்டு, உடம்பில் நீர் வற்றி, இரண்டொரு நாளில் கன்று சாய்ந்துவிடுவதும் உண்டு. அதே கிருமி மனிதருக்கும் வாந்தி பேதியைக் கொடுக்கும். பால் கறக்கும் கையிலும் பாத்திரத்திலும் எச்சம் படுவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, தீவனம் மாறுவதால் வரும் கேடு. இது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. நோய் என்று நினைத்துப் பலர் ஏமாறுவது. கோழிக்கென்று வைத்த அரிசி, கம்பு, மக்காச்சோளக் குருணையை ஆடு எட்டிப் பிடித்து வயிறு முட்டத் தின்றுவிடுகிறது. ஆட்டின் வயிறும் மாட்டின் வயிறும் தழைக்கும் தட்டைக்கும் ஏற்றவை. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் அது புளித்து அமிலமாகிறது. வயிறு உப்பும், அசைபோடுவது நிற்கும், ஆடு தள்ளாடும், படுக்கும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும். பொங்கலன்று மாட்டுக்கு அன்பு மிகுதியால் சோற்றைக் கொட்டிவிட்டு, மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடுகிறோமே, அதே கேடுதான் இது. யாரும் செய்வினை வைக்கவில்லை. கோழித் தீவன மூட்டையின் வாயைக் கட்டாமல் வைத்தோம், அவ்வளவுதான்.

கடையில் வாங்கும் கோழித் தீவனத்தில் வேறொரு அபாயமும் உண்டு. கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமல் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளை அதில் கலப்பார்கள். கோழிக்கு நன்மை செய்யும் அந்த மருந்து குதிரைக்குக் கொடிய நஞ்சு. சிறிதளவே அதன் உயிரைக் குடித்துவிடும். அளவு மிஞ்சினால் மாட்டையும் பாதிக்கும். தீவனத்தில் சேர்க்கும் செம்புச் சத்தைக் கோழி தாங்கும், செம்மறியாடு தாங்காது. அது ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையாகவும் சிவந்த சிறுநீராகவும் வெளிப்படும். அப்போது கை மீறிப் போயிருக்கும். எதிர்த்திசையிலும் இப்படியே. மாட்டுக்கு வைக்கும் உப்பும் தாது உப்புக் கலவையும் கோழிக்கு எட்டினால் உப்பு மிகுந்து கோழி சாகும். உண்ணிக்கு மருந்தடித்த மாட்டின் மேலிருந்து விழும் உண்ணியைப் பொறுக்கும் கோழி, அந்த மருந்தையும் சேர்த்தே விழுங்குகிறது.

மூன்றாவது, செத்த கோழியால் வரும் கேடு. தோட்டத்துக்குக் கோழி எரு வாங்கி வந்து கொட்டத்தை ஒட்டிக் குவித்து வைக்கிறோம். பண்ணையில் செத்த குஞ்சு ஒன்றிரண்டு அந்தக் குவியலுக்குள் கிடக்கலாம். அழுகும் உடலுக்குள் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். அந்தக் குவியலை நக்கிய மாட்டுக்கு, அல்லது அது பரவிய நிலத்தில் மேய்ந்த மாட்டுக்குப் பின்னங்கால் துவளும், நாக்குத் தொங்கும், விழுங்க முடியாது. நினைவு இருக்கும்போதே உடல் அசைவற்றுப் போகும். வந்துவிட்டால் காப்பாற்றுவது மிக அரிது. எலும்பையும் குப்பையையும் மெல்லும் பழக்கம் உள்ள மாடு இன்னும் எளிதாக அகப்படும். அந்தப் பழக்கம் பெரும்பாலும் பாஸ்பரச் சத்துக் குறைவின் அறிகுறியாகும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கோழிக் கழிவால் மாட்டு மந்தைகள் இவ்வாறு மடிந்ததுண்டு. மாட்டுக்குக் கோழிக் கழிவைத் தீவனமாகக் கொடுப்பதை ஆஸ்திரேலியா, பிரேசில் போன்ற நாடுகள் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன. எரு வயலுக்கு நல்லது. மாட்டின் வாய்க்கு ஆகாது.

நான்காவது, தான் நோயுறாமலே நோயைச் சுமந்து செல்லும் கேடு. கோழிக்குக் கோமாரி நோய் வராது. ஆனால் கோமாரி கண்ட மாட்டின் எச்சில் பட்ட வைக்கோலைக் கிளறிய கால், அடுத்த வீட்டுக் கொட்டத்தையும் மிதிக்கும். மாடு கன்று வீசினால் கிடக்கும் நஞ்சுக்கொடியைக் கோழியும் நாயும் காக்கையும் இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். அது கன்று வீச்சு நோயாக இருந்தால் ஊர் முழுவதும் கிருமி பரவுகிறது. தொட்டுத் துப்புரவு செய்தவருக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது. நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைவிட ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே நல்லது. இன்னொன்று: கோழித் தீவனம் சிந்தும் இடத்தில் எலி சேரும். எலியின் சிறுநீர் பட்ட தண்ணீரால் எலிக்காய்ச்சல் மாட்டுக்கும் வரும், வெறுங்காலோடு சாணி அள்ளும் நமக்கும் வரும்.

ஐந்தாவது, இக்காலத்தில் உலகமே அஞ்சும் பறவைக் காய்ச்சல். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. நோய் நாமக்கல்லுக்கு வரவில்லை. ஆனால் அச்சம் வந்தது, முட்டை விலை சரிந்தது. அக்காலத்தில் இது பறவைகளின் நோய், அபூர்வமாக மனிதருக்கும் வரும் என்றுதான் எண்ணியிருந்தோம். மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் துறையிலும் எதிர்பார்த்தவர் மிகச் சிலரே.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளிடம் அதே எச்5என்1 கண்டறியப்பட்டது. மாடுகள் தீவனம் குறைத்தன, பால் வற்றியது, கறந்த கொஞ்சமும் சீம்பால்போல் கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருந்தது. அந்தப் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் பல செத்தன. கறவைத் தொழிலாளர் சிலருக்குக் கண் சிவந்து நோவு கண்டது. காட்டுப் பறவையிடமிருந்து மாட்டுக்குத் தாவிய கிருமி, பிறகு கறவைக் கருவிகள் மூலமாகவும் மாடுகளை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் சென்றதாலும் பரவி, அடுத்த ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மந்தைகளைத் தொட்டது. மாட்டுப் பண்ணையிலிருந்து திரும்பவும் கோழிப் பண்ணைக்கும் தாவியது. கோழிக்கும் மாட்டுக்கும் நடுவே இருப்பதாக நாம் நினைத்த மதில், நாம் நினைத்த உயரம் இல்லை என்பதே இதன் பாடம். இதைக் கேட்டு யாரும் நாளைக்கே மாட்டை விற்க ஓட வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சினால் இக்கிருமி சாகும். முட்டையையும் இறைச்சியையும் நன்றாக வேகவைத்தால் சாகும். பச்சைப் பாலும் அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம், அவ்வளவுதான்.

பன்றி வளர்ப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பறவையின் காய்ச்சல் கிருமியும் மனிதனின் காய்ச்சல் கிருமியும் பன்றியின் உடலில் ஒன்றாகப் புகுந்து, கலந்து, புதிய கிருமியாக வெளிவர முடியும். 2009-இல் உலகெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சல் கிருமியில் பறவை, பன்றி, மனிதர் ஆகிய மூவரிடமிருந்தும் வந்த கூறுகள் இருந்தன. பன்றிப் பட்டியும் கோழிக் கூடும் ஒட்டி இருக்கவே கூடாது.

இவ்வளவு சொன்னபின் வீண் பயத்தையும் விலக்க வேண்டும். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சல் ஆட்டுக்குத் தொற்றாது. இரண்டின் கிருமிகளும் வேறு வேறு. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் மாட்டுக்கு வராது. அந்த நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர். 1927-இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் இந்தியாவில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. நம்மில் சிலர் அதை ராணிப்பேட்டை நோய் என்கிறார்கள். பாவம் ராணிப்பேட்டை! நோய்க்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் 1932 முதல் அங்கே இருக்கிறது. நோய் கொடுத்த ஊரையும் மருந்து கொடுக்கும் ஊரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாக ஊசி போடுகிறது. “நாட்டுக்கோழிக்கு எதற்கு ஊசி?” என்று கேட்கும் வீட்டில்தான் மார்ச் மாதம் பஞ்சாரம் காலியாகிறது.

சரி, என்ன செய்யலாம்? வேதாகமத்தில் நோவாவின் பேழையை நினைத்துப் பாருங்கள். பறவை, கால்நடை, ஊர்வன அனைத்தையும் ஒரே பேழையில் காப்பாற்றும்படி இறைவன் கட்டளையிட்டார். ஆனால் அந்தப் பேழையை மூன்று தட்டுகளாகவும், உள்ளே தனித்தனி அறைகள் வைத்தும் கட்டச் சொன்னார். ஒரே கூரை, தனி அறை! கால்நடை மருத்துவம் இன்று சொல்வதும் அதுவே.

கோழிக்குத் தனிக் கூடு வேண்டும். பெரிய செலவு இல்லை. நான்கு கழி, கொஞ்சம் கம்பி வலை, மேலே கூரை. தரையிலிருந்து இரண்டடி உயரம். மாட்டுக் கொட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி அமைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இடமே இல்லாத வீட்டில், விட்டத்தில் கோழி ஏற முடியாதபடியாவது தடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் மாலையில் தீனி வைத்துக் கூப்பிட்டுப் பழக்கினால் கோழி தன் கூட்டைத் தானே தேடிப் போகும். காடிக்கு மேலே தட்டியோ பழைய தகரமோ போட்டு மறையுங்கள். குளுதாடியைத் தினமும் கவிழ்த்துத் தேயுங்கள். கோழித் தண்ணீரும் மாட்டுத் தண்ணீரும் தனித்தனியாக இருக்கட்டும். தீவன மூட்டையை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். எலியும் ஆடும் ஒரே காரியத்தில் தோற்றுப்போகும்.

வேலை செய்வதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் குஞ்சு, பிறகு பெரிய கோழி, பிறகு ஆடு மாடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நோயுள்ள பிராணி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால் கறக்குமுன் கோழிக்கூட்டைத் தொடாதீர்கள். செத்த கோழியைக் கண்மாயிலும் ஓடையிலும் எறியாதீர்கள். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழிகளோ காக்கைகளோ செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாடோ ஆடோ திடீரென்று விழுந்தால் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். வீட்டில் வைத்தியம் பார்த்து இரண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போகிறோம். ஆடும் கோழியும் ஒரே சந்தையில், ஒரே வண்டியில். வாங்கியதையும், விலை படியாமல் திரும்பியதையும் அன்று மாலையே நம் கொட்டத்தில் அவிழ்த்துவிடுகிறோம். அங்கே நூறு ஊர்க் கோழிகள் கூடியிருக்கின்றன. புதிதாக வந்ததைக் கோழியானால் இரண்டு வாரம், ஆடானால் மூன்று வாரம் தனியே கட்டிப் பாருங்கள். நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக நம் பக்திக்குரிய ஒரு காரியம். முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவை அறியாதவர் திண்டுக்கல்லில் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் மக்கள் நேர்ந்துகொண்ட ஆடுகளையும் கோழிகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்க, அவை சமைக்கப்பட்டு, சாதி மத வேறுபாடின்றி எல்லாருக்கும் அசன விருந்தாகின்றன. நம் பங்கிலும் நேர்ச்சைக் கோழியும் கிடாயும் வருகின்றன. நான் பொன்விழாக் குழுவினரிடம் வைக்கும் பணிவான வேண்டுகோள் இதுதான். இனிமேல் நேர்ச்சை ஆட்டுக்கு ஒரு பந்தல், கோழிக்கு ஒரு பந்தல் என்று பிரித்துப் போடுங்கள். சோர்ந்த கோழியைக் காணிக்கையாக ஏற்காதீர்கள். அதற்குப் பதிலாகக் காசு வாங்கிக்கொள்ளலாம். ஏலத்தில் எடுத்த நேர்ச்சைக் கோழியை வளர்ப்பதற்காக யாரும் நேரே வீட்டுக் கொட்டத்தில் விட வேண்டாம். அறுக்கும் இடத்துக் கழிவை அன்றைக்கே புதைத்துவிடுங்கள்.

இதைச் சொல்வதால் நேர்ச்சையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் வருந்தக் கூடாது. செபஸ்தியார் யார்? கொள்ளைநோய்க்கு எதிராகத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக அழைத்துவரும் பாதுகாவலர். நோயிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று அவரிடம் கையேந்திவிட்டு, அவருடைய வாசலிலேயே நோய்க்கு வழி திறக்கலாமா? ஜனவரி 17-ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளில் கால்நடைகளுக்கு மந்திரிப்பு வாங்குகிறோம். குருவானவர் தெளிக்கும் தீர்த்தம் மாட்டின் மேல் விழுகிறது. மாட்டின் காடியைக் கழுவும் தண்ணீரை நாம்தான் ஊற்ற வேண்டும். ஆசீர் இறைவனுடையது, கொட்டத்தைக் கூட்டுவது நம்முடையது.

தாய்மார்களே, கணவனை இழந்து ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரிகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அந்த மாடு விழுந்தால் விழுவது மாடு மட்டுமல்ல. பிள்ளையின் படிப்பும் சேர்ந்து விழுகிறது. நான்கு கழியும் ஒரு முழம் வலையும் இல்லாததால் அப்படி ஒரு துன்பம் நம் பங்கில் வரக்கூடாது. வசதியுள்ளவர்கள் தங்கள் தெருவில் கூடு கட்ட முடியாத ஒரு வீட்டுக்குக் கை கொடுங்கள். பொன்விழாவின் நினைவாக ஆலயத்துக்குக் கொடிமரம் வைக்கிறோம், மணி வைக்கிறோம். ஏழை ஒருத்தியின் வாசலில் ஒரு கோழிக்கூடும் வைப்போம். அதுவும் ஆண்டவர் கணக்கில் ஏறும்.

 இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் தொழுவங்களையும், உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.